மரைக்காயர் கேட்ட மில் கல்

சுதந்திரம் வந்து சில வருடம் ஆகியிருக்கும். எங்கள் கண்மாய் மடைக்குக் கீழே ஒரு பழைய சோள மில் இடிந்து கிடந்தது. மடைத் தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்ற, கல் அரைக்கும். கண்மாய் வற்ற வற்ற மில்லும் நின்றுபோனது. மரச்சக்கரம் யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ, அது வேறு கதை. நடுவில் துளையுள்ள அரைகல் மட்டும் மிச்சம். மழை தவறினால் பெண்கள் அதன்மேல் குடம் குடமாக ஊற்றுவார்கள். கல் நனைந்தால் மழை வரும் என்று நம்பிக்கை.

மண்டபம் கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவரும் மரைக்காயர் எனக்குச் சிநேகிதர். ஒரு ஆவணியில் வந்தவர், "மாப்ளே, கயிறு அத்து நங்கூரம் கடலோட போயிருச்சு. தோணி கரையிலயே கெடக்கு. அந்த மில் கல்லைத் தாங்களேன், நங்கூரமாக் கட்டிக்கிறேன்" என்றார்.

ஊர் கூடிவிட்டது. "ஏலே, கல்லைக் குடுத்துட்டு மழைக்கு எங்கன போறது?" என்று என்மேல் பாய்ந்தார்கள். சிநேகிதர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

தூரத்துக் கிணற்றிலிருந்து குடத்தோடு வந்த என் சம்சாரம் நின்றாள். "கல்லு நனையணும், அம்புட்டுத்தானே? கடலுக்குள்ள கெடந்தா நாள்பூரா நனையும். வேணாம்னா இனிமே ஆம்பளைக தண்ணி சொமங்க."

முதலில் சிரித்தது மரைக்காயர்தான். பிறகு ஊரே சிரித்தது. திட்டியவர்களே கல்லை உருட்டி வண்டியில் ஏற்றினார்கள். சாமி காரியத்திலும் இப்படிச் சிரிக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் மழை பெய்தது. அடுத்த வருடம் பொய்த்தது. "மரைக்காயர் கல்லைக் கரையில தூக்கிப் போட்டுட்டாரு போல, கேளப்பா" என்பார்கள். நானும் கேட்டு அனுப்புவேன்.

"தண்ணிக்குள்ளதான் கெடக்கு மாப்ளே" என்று பதில் வரும்.