கஜலக்சுமி நகர்த்திய வேலி

சுவிஸின் எம்மன்புரூக்கே நகரில் ஒரு தொழிற்சாலைக் கன்ரீனில் இருபத்திரண்டு வருடம் பாத்திரம் கழுவிய கஜலக்சுமிக்கு, ஐம்பத்தெட்டாவது வயதில் வேலை போனது. நாற்பது இடத்துக்கு விண்ணப்பித்தாள். பதில் வந்தது ஒரே ஓர் இடத்திலிருந்து: வாலிஸ் மலையில் பதினாறு மாடுகளை மேய்க்கும் வேலை. மாடாவது வயதைக் கேட்காது என்று ஏறிப்போனாள்.

போய்ப் பார்த்தால், கோதாரி, அது மேய்ச்சல் நிலமா! மழை எட்டிப்பார்க்காத தெற்குச் சரிவு. முதலாளி ரூடி முப்பது வருடமாக மாடுகளை அவிழ்த்துவிட்டுக் குறட்டை விட்ட மனுசன். அவை முளைத்த புல்லையே திரும்பத் திரும்பக் கடித்து மலையை மொட்டையாக்கிவிட்டன. இந்தக் கோடையும் பச்சை பிடிக்காவிட்டால் மாடுகளை விற்றுவிடுவேன் என்றான் ரூடி. மாடு போனால் அவளும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

வேளாண் ஆலோசகர் ஒருவர் சொன்ன கடைசி வழி மின்வேலி. ஒரு துண்டை அடைத்து ஒருநாள் மேய்க்கவேண்டும். மறுநாள் வேலியை அடுத்த துண்டுக்கு நகர்த்தவேண்டும். மேய்ந்த துண்டில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், குளம்பு படக்கூடாது.

வேலிச் சண்டைக்குள்ளேயே வளர்ந்த யாழ்ப்பாணத்தாளுக்கு வேலி நகர்த்த வகுப்பு எடுக்கவேண்டுமா என்ன! எல்லைப் பக்கம் நகர்த்தும்போதெல்லாம், கை சும்மா கிடக்காமல், அயலவன் ஒஸ்வால்டின் காணிக்குள் அரை மீற்றர் தள்ளித் தள்ளிக் கம்பை ஊன்றினாள். யூலை நடுவில் ஆறு மீற்றர் உள்ளே போய்விட்டாள். ஒஸ்வால்ட் காணி வரைபடத்தோடு வந்து நின்றான்.

"மலை சரிவுதானே, வேலி வழுக்கியிருக்கும்," என்றாள் கூசாமல்.

அவன் அவளது வேலியைப் பிடுங்கி எறிந்தான். பொலிசுக்குச் சாட்சி வேண்டுமென்று அவள் பிடித்த அந்தத் துண்டைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து, தன் ஆடுகளைக்கூட உள்ளே விடவில்லை.

இந்தப் பக்கமோ ரூடி. மாடு கத்தினால் மனம் பொறுக்காமல் மேய்ந்த துண்டையே திறந்துவிடுவான். அவள் அடைப்பாள், அவன் திறப்பான். செப்டெம்பரில் மலை பழையபடி மொட்டை. மாடுகளை ஏற்ற வெள்ளிக்கிழமை லொறி வருவதாகச் சொன்னான்.

"வாரும் இங்கை!" என்று சட்டையைப் பிடிக்காத குறையாக அவனை ஒஸ்வால்டின் முள்ளுக்கம்பிக்குக் கூட்டிப்போனாள் கஜலக்சுமி.

உள்ளே கணுக்கால் உயரத்துக்குப் புல், இடையில் மஞ்சள் பூ. ரூடி குந்தி, கம்பிக்குள்ளால் கையைவிட்டு ஒரு பிடியை இழுத்தான். வேர் அசையவில்லை.

"இதுவும் உம்மடை மாடு மேய்ஞ்ச இடம்தான். ஒருநாள் மேய்ஞ்சுது, பிறகு ஒருத்தரும் திறக்கேல்லை. அவ்வளவுதான்!" கத்தியவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முழு மலையும் இப்படி வர எவ்வளவு காலம் செல்லும்?"

"அஞ்சு வருஷம். அதுவரைக்கும் நீர் சாகவும் கூடாது, என்ரை வேலியிலை கைவைக்கவும் கூடாது."

ரூடி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, லொறிக்காரனுக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை வரவேண்டாம் என்றான்.