மழை பெய்தால் சுடாது

என் மாமனார் முப்பத்தொரு வருஷம் அருங்காட்சியகத்தில் பழைய துப்பாக்கிகளுக்குக் காவல் இருந்தார். துப்பாக்கிக்கே காவலா என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி இருந்தது. பக்கத்துப் பலகையில் படித்த மனுஷர் யாரோ 'கனல்கயிற்று இயக்கச் சுடுகலன்' என்று எழுதிவைத்திருந்தார். அதைப் படித்தவர்கள் எல்லாம் நேராக மாமாவிடம்தான் வந்தார்கள்.

"திரித் துப்பாக்கிங்க. கயித்துத் திரியைக் கொளுத்தி அந்தக் கொக்கியில மாட்டுவாங்க. விசையை அமுக்குனா கொக்கி குனிஞ்சு, கிண்ணியில இருக்கிற மருந்துல நெருப்பை வைக்கும்" என்பார்.

"இப்பவும் சுடுமா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார்.

"மழை பெய்யலேன்னா சுடும்."

கேட்டவர் ஜன்னலைப் பார்ப்பார். மாமா சிரிக்கமாட்டார். அந்தச் சிரிப்பை அடக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும்போது எங்களோடு சேர்ந்துதான் சிரிப்பார். நூறு தடவை கேட்ட கதைக்கு நாங்களும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் அங்கே போனேன். பலகை மாறவில்லை. அவர் நாற்காலியில் எனக்குத் தெரியாத ஒரு காவலாளி, கையில் செல்போனோடு இருந்தார்.

"இது இப்பவும் சுடுமா?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"மழை பெய்யலேன்னா சுடும் சார்" என்றார், தலையைத் தூக்காமல்.

எங்கள் மாமாவின் சொத்தை இவன் எப்படி எடுக்கலாம் என்று சுருக்கென்று கோபம் வந்தது. ஜன்னலைப் பார்த்தேன். நல்ல வெயில்.

பிறகு, காது கேட்காதவன்போல, இன்னொரு தடவை கேட்டேன்.