ஏசியை அணைத்துவிட்டு அளந்தது

கழக்கூட்டத்தில் எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது அளக்க உட்கார்ந்தால் முதலில் ஏசியை அணைக்க வேண்டும். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கினால் கரண்டில் இரைச்சல் கலந்து அளவு கெட்டுப்போகும். அன்றும் மூடிய ஜன்னல்களுக்குள் வெந்துகொண்டிருந்தேன். 

சாயங்காலத்துக்குள் சர்க்யூட் போர்டைத் தயாரிப்புக்கு அனுப்பக் கையெழுத்துப் போட வேண்டும். போன போர்டு பழுதென்று வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. இதுவும் வந்தால் என் ஒப்பந்தத்தை நீட்டமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று.

பாக்கி இருந்தது ஒரே முடிவு: எந்த க்ளாக் பஃபர்? வெளியிலிருந்து வரும் துடிப்பை வாங்கி, போர்டின் மற்ற சில்லுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிற சில்லு அது. எங்களுக்கு வருவதோ சைன் அலை, அதுவும் குறைந்த அதிர்வெண். டக்கென்று ஏறாது, சோம்பலாக ஏறும். டீம் லீடர் தேர்ந்தெடுத்திருந்தது விலை கூடிய, அதிவேகச் சில்லு. தகவல் தாளில் அதன் அருமை பெருமையெல்லாம் சட்டென ஏறும் துடிப்புக்குத்தான் சொல்லியிருந்தது. ஆனாலும் துடிப்பை எண்ணிக் காட்டும் கவுண்டரில் எண் ஆடவே இல்லை. அப்புறம் எனக்கென்ன பயம்? சொல்லத் தெரியவில்லை, பயமாக இருந்தது.

டீம் லீடர் உள்ளே வந்தார். பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

"இன்னும் கையெழுத்து போடல்லியா? எதுக்கு மோளே இப்பிடிக் கெடந்து வேவுற?" என்று கேட்டபடியே ரிமோட்டை எடுத்து ஏசியைப் போட்டுவிட்டார்.

"ஐயோ சேட்டா, அளந்துண்டிருக்கேன்!"

கம்ப்ரஸர் உறுமியது. கவுண்டரில் எண் எகிறியது. இரைச்சல் கலந்த அலை, துடிப்பென்று சில்லு கணக்கெடுக்கும் எல்லைக்கோட்டை மெல்லக் கடக்கும்போது முன்னும் பின்னும் தள்ளாடியது. சில்லு ஒரே துடிப்பை இரண்டாக எண்ணிக்கொண்டிருந்தது.

அவர் ஏசியை அணைத்தார். எண் ஒழுங்கானது. "கண்டா? சரியாச்சுல்லா. கையெழுத்தப் போடு."

 அதுவரை நான் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"வாங்கறவா ரூம்ல ஏசி நிக்காம ஓடுமே சேட்டா. அங்க யார் போய் அணைப்பா?"

 அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அலமாரியில் மலிவான இன்னொரு பஃபர் கிடந்தது. ஏறும்போது ஓர் எல்லை, இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த ஓர் எல்லை வைத்திருக்கும் வகை. நடுவே வரும் நடுக்கத்தைச் சட்டை செய்யாது.  பழையதைக் கழற்றி அதைச் சால்டர் வைத்து முடித்து ஏசியைப் போட்டேன். எண் அசையவில்லை. அணைத்தேன், போட்டேன். அசையவில்லை. மறுபடியும் அணைத்தேன்.

"போதும் மோளே. அந்த ரிமோட்ட இங்க தா," என்றார்.

தரவில்லை. மலிவான பஃபருக்குக் கையெழுத்துப் போடும்போதும் அது என் இடது கையில்தான் இருந்தது.