தங்கைக்கு நான் போட்டுக் கொடுத்த தீவுப் பயணம்

என் தங்கைக்குப் பல்லியைக் கண்டாலே ஆகாது. சின்ன வயதில் சுவரில் ஒரு பல்லி அசைந்தால் போதும், பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடிவிடுவாள். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டு, கணவரோடு கலாபகோஸ் தீவுகளுக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"இவரு ஆபீஸ்ல பாதிப் பேரு போயிட்டு வந்துட்டாங்கக்கா. அறுபதாம் கல்யாணத்துக்கு முன்னாடி நாங்களும் ஒரு ட்ரிப் அடிச்சிடலாம்னு பாக்குறோம். நீதானே இதெல்லாம் பாடம் நடத்துற, எந்தத் தீவு, என்ன பாக்கணும்னு நீயே ப்ளான் போட்டுக் குடு."

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, போனை வைத்தபின் மோர் கரைத்துக் குடித்தேன்.

மன்னார்குடியில் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை நான். பரிணாமப் பாடம் வரும்போதெல்லாம் அந்தத் தீவுகளின் குருவித் தலைகளைக் கரும்பலகையில் வரைந்து, அலகுகள் எப்படி வேறுபடுகின்றன என்று விளக்குவேன். நடுக்கடலில் எரிமலை கக்கி உண்டான தீவுகள். மனிதரைக் கண்டு பயப்படத் தெரியாத உயிர்கள். கடலில் முங்கிப் பாசி மேயும் உடும்புகள். இவற்றைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். என் கணவர் நல்ல மனிதர், ஆனால் குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் அவருக்குத் தெரிந்த ஒரே கடல் பூம்புகார். "அலைதானே பாக்கணும்? இங்கயும் அலைதான் அடிக்குது" என்பார்.

பொறாமைப்பட்டாலும் வேலையில் குறை வைக்கவில்லை. படகுகள் கிழக்குப் பக்கம் ஒரு சுற்று, மேற்குப் பக்கம் ஒரு சுற்று என்று போகும். பறக்க மறந்த நீர்க்காகம் மேற்கில்தான் இருக்கிறது, அதனால் மேற்கு என்று முடிவு செய்தேன். எந்தக் கரையில் இறங்கினால் உடும்பு, எந்த மேட்டில் ஏறினால் பெரிய ஆமை என்று எல்லாம் பார்த்து வைத்தேன். கள்ளிமுள்ளை அலகில் பிடித்துக்கொண்டு மரப்பொந்துக்குள் புழுவை நோண்டி எடுக்கிற குருவி ஒன்று உண்டு. அதை மட்டும் எனக்காகப் பார்த்துவிட்டு வா என்று தங்கையிடம் கேட்டுக்கொண்டேன். விதை, பழம், செருப்பில் ஒட்டிய மண் எதையும் தீவுக்குள் விடமாட்டார்கள் என்றும் எச்சரித்தேன்.

"ஊறுகாய் விடுவாங்கல்ல?" என்று கேட்டாள். இவளுக்குப் போய் அந்தத் தீவா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் கடைசியில் தீவிலிருந்து திரும்பி, நேராக ஊருக்கு வந்து, செப்டம்பரில் மாப்பிள்ளையின் பிறந்த நாளை ஒட்டித் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். இதுதான் அவர்கள் கணக்கு. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்த ஆண்பிள்ளையும் இல்லை. ஆகவே பிறந்த வீட்டுச் சீர் என் பொறுப்பு. பட்டு எடுக்க நாள் பார்க்கலாம் என்று தினசரி காலண்டரில் ஆவணித் தாள்களைப் புரட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, அமெரிக்காவிலேயே இருந்து இருந்து இரண்டு பேரும் பிறந்த நாளை ஆங்கிலத் தேதியில் வைத்திருக்கிறார்கள். அறுபதாம் கல்யாணத்துக்குத் தேதி எங்கே செல்லும்? மாதமும் நட்சத்திரமும்தான். மாப்பிள்ளை ஆவணி அனுஷம். அனுஷமோ ஆவணி பிறந்த சூட்டோடு வருகிறது. அன்றைக்கு இவர்கள் கப்பலில் இருப்பார்கள்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. உடனே கும்பகோணத்திலிருக்கும் தங்கையின் மாமியாருக்குப் போன் செய்தேன்.

"நல்லவேளை சொன்னம்மா" என்றார் அவர். "அனுஷத்தன்னிக்கு எம்புள்ள நடுக்கடல்ல நிக்கிறதா? கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வந்து சேரச் சொல்லு."

அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு தங்கை கூப்பிட்டாள். அழுவாள், சமாதானம் சொல்லலாம் என்று ஆவலாக இருந்தேன். அவள் அழவில்லை.

"போனாப் போவுதுக்கா. கேன்சல் பண்ணிடுறோம். வர்ற வழியில துபாய்ல இறங்கிச் சுத்திட்டு வந்துடுறோம். எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

எல்லாம் ஒன்றுதானாம்! நான் தேடித் தேடிப் பிடித்த மேற்குச் சுற்றும், என் நீர்க்காகமும், முள் பிடிக்கும் குருவியும் இவளுக்குத் துபாய் கடைத்தெருவும் ஒன்றுதானாம். வந்த ஆத்திரத்தில் மறுபடி காலண்டரை இழுத்து, அன்று நிறுத்திய தாளுக்கு மேலும் புரட்டிக்கொண்டே போனேன். ஆவணி முடியப்போகிற நேரத்தில் இன்னொரு அனுஷம் இருந்தது. முதல் அனுஷத்தைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டதால் அன்று இது கண்ணில் படவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயணம் அதற்குள் என்னுடையதாகி இருந்தது. போகிறவள் யாராக இருந்தாலும் அது நடந்தாக வேண்டும் போல் இருந்தது. மறுநாளே பஸ் பிடித்துக் கும்பகோணம் போனேன்.

"அத்தை, ஆவணியில அனுஷம் ரெண்டு வருது, பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "அட ஆமா. ரெண்டு வந்தா ரெண்டாவதைத்தானே எடுத்துக்கணும்? அப்ப போயிட்டு வரட்டும்" என்று சொல்லி, எனக்குக் காப்பி கொடுத்தார்.

அவர்கள் போனார்கள். தங்கை அனுப்பிய படங்களில் எல்லாம் அவள் முகம்தான் இருந்தது. பின்னால் தெரிந்த கறுப்பு எரிமலைப் பாறைகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இரண்டாம் அனுஷத்தன்று திருக்கடையூரில் கூடினோம். தங்கை மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து அவள் காதில் கேட்டேன்.

"அந்தக் குருவியப் பாத்தியாடி?"

"எந்தக் குருவி? ஓ, அதுவா. நிறைய இருந்துச்சுக்கா. நம்ம ஊரு சிட்டுக்குருவி மாதிரிதான், எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. அதை யாரு நின்னு பாக்குறது? உனக்கு ஃப்ரிட்ஜில ஒட்டுற ஆமை வாங்கிட்டு வந்திருக்கேன்."

"பொறந்த வீட்டுச் சீர் கொண்டாங்க" என்று குருக்கள் அழைத்தார். பட்டு வைத்த தட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைக்கவும் கை இல்லை.

"தங்கச்சி மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்றார் அவள் மாமியார், பக்கத்திலிருந்தவர்களிடம்.