வெறும் லாரிக்குப் போட்ட கணக்கு

கணக்கில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைத்தது சேந்தமங்கலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்று.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்க ஓரிரு வருடம் இருந்தபோது, அங்கே பி.எல்.சி. பொருத்தப் போனேன். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் சின்னப் பெட்டி அது. நாம் எழுதிய கட்டளைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரை படிக்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரண்டாயிரம் வரிதான் கொள்ளும். என் ப்ரோக்ராம் ஆயிரத்து எழுநூறு வரும் என்று தாளிலேயே கணித்தேன், அப்படியே வந்தது. மிச்ச இடம் சும்மா கிடப்பது உறுத்தியது. மரவள்ளிக் கிழங்கு விழும்போதெல்லாம் சுவிட்சுப் பலகையில் எட்டு விளக்குகள் வரிசையாக ஓடும்படி எழுதிச் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு சுற்றுப் படிக்க ஆகும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தேன். கிழங்கு அரைக்கும் உருளையில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. அது சென்சாரைக் கடக்கும் நேரத்துக்குள் பெட்டி ஒரு சுற்றை முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் துண்டைக் கவனிக்கத் தவறி, உருளை நின்றுவிட்டது என்று நினைத்து, கிழங்கைக் கொண்டுவரும் பெல்ட்டை நிறுத்திவிடும். கணக்குப்படி முடித்துவிடும். கிழங்கு போடாமல் வெறுமனே ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை கிழங்கு வரலாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அதை நம்பி, மலைமேல் தேவனூர் நாட்டில் ஓர் அக்கா தன் காட்டுக் கிழங்கு முழுவதையும் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய கிழங்கு மூன்றாம் நாள் உள்ளே கறுக்கத் தொடங்கும். அவர் லாரியோடு வந்து இறங்கியது இரண்டாம் நாள் மத்தியானம்.

கிழங்கைக் கொட்டினார்கள். விளக்குகள் ஓடின. பெல்ட் நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி நின்றது.

"சும்மா ஓட்டுனா ஓடுதுங்க. குச்சிக்கெழங்கப் போட்டாத்தான் நிக்குது" என்றார் அக்கா.

"எனக்குந் தெரியுதுங்க" என்று எரிந்து விழுந்தேன். உடனே வெட்கமாகப் போயிற்று. கறுக்கப் போவது அவருடைய கிழங்கு. சமாதானமாக, "மலையிலிருந்து எறங்க எவ்வளவு நேரமாச்சுங்க?" என்று கேட்டு வைத்தேன்.

"வெறும் லாரிக்குக் கேக்கறீங்களா, லோடு லாரிக்குங்களா? எழுபது வளைவுல ரெண்டும் ஒண்ணாகுமுங்களா?"

நான் கையேட்டைத் தேடி ஓடினேன். ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு நேரம் போட்டிருந்தது: வேலை இல்லாமல் தாண்டிப் போனால் ஒன்று, வேலை செய்தால் ஒன்று. நான் கூட்டியிருந்தது முழுக்க முதலாவதை. கிழங்கே வராத ஆலைக்கு அழகாகக் கணக்குப் போட்டிருக்கிறேன். கிழங்கு விழுந்ததும் அதிக நேரத்தைத் தின்றது எது என்று பார்த்தால், என் எட்டு விளக்குகள்.

அழித்தேன். மனசு வலிக்கத்தான் செய்தது. பெல்ட் நிற்காமல் ஓடியது. பொழுது சாய்வதற்குள் மொத்த லோடும் அரைபட்டது. கடைசிக் கிழங்குகளில் ஒன்றை அக்கா ஒடித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு அவர் பலகையை ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாஞ் சரிங்க. அந்த ஓடுற லைட்ட ஏனுங்க எடுத்துப்போட்டீங்க? அது ஒண்ணுதான் பாக்க நல்லாருந்துச்சு."