நஞ்சப்பனின் கப்பல் சாமி

மூக்குத் துவாரத்தில் சுண்ணாம்பு டப்பி, காது மடலில் புகையிலை, மீசையின் மேல் பாதி கடித்த முறுக்கு. பதினான்கு அடி முனியப்பன் சிலையை நஞ்சப்பன் அலமாரியாகத்தான் வைத்திருக்கிறார். ஏணியின் உச்சியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். மிச்சமான சுண்ணாம்பைச் சாமியின் கன்னத்திலேயே துடைக்கிறார். கீழே நிற்பவர்கள் முகம் சுளித்தால், "இன்னும் கண்ணு தொறக்கலீங்க. அதுவரைக்கும் இது வெறும் பொம்ம. திட்டலாம், மேல ஏறலாம், ஒண்ணும் கேக்காது" என்கிறார்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில், ஒரு புளியந்தோப்பை ஒட்டி அவருடைய கொட்டகை இருக்கிறது. வயது ஐம்பதுக்கு மேல். இடது புருவம் எப்போதும் வெள்ளையாக இருக்கும். அது நரையா சுண்ணாம்பா என்பது மனைவி சின்னம்மாளுக்கே தெரியாது. சுற்று வட்டாரத்தில் எல்லைகளில் உட்கார்ந்து கண்ணை உருட்டும் முனியப்பன்களில் பதினொன்று இவர் கைவேலை. வேலை தேறியதா என்று பார்க்க அவரிடம் ஒரு கணக்கு உண்டு. "கொழந்த அழுவோணும், மாடு மெரளோணும், போலீசுக்காரரு தொப்பிய எடுக்கோணும். மூணும் நடந்தா சாமி சரியா வந்திருக்குன்னு அர்த்தம்."

இரண்டு வருடத்துக்கு முன் நான்காவதும் ஒன்று நடந்தது. ஒகேனக்கல்லுக்குக் காரில் போன ஒரு துரை, வளைவில் இவருடைய முனியப்பனைக் கண்டு அலறி, காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். அந்தத் துரை ஒரு கப்பல் கம்பெனியின் டைரக்டர். காரைத் தூக்கி விடுவதற்குள் ஆசுவாசமடைந்து நான்கு போட்டோவும் எடுத்துக்கொண்டார். போன ஆவணியில் கடிதம் வந்தது. புதிதாகக் கட்டும் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்துக்கு அதே போன்ற சிலை வேண்டும். ஆனால் யாரும் பயப்படக் கூடாது.

கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். ஆறு வருடம் கப்பலும் ரயிலுமாகச் சுற்றிவிட்டு வந்து, வீட்டில் உட்கார முடியாமல் தினமும் அந்தக் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்த சமயம். நாக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தது. நஞ்சப்பன் நாக்கை உள்ளே போட்டார். கோரைப் பல் வேண்டாம், பிடுங்கினார். வெட்டரிவாளுக்குப் பதிலாகக் கையில் ஒரு பெரிய தட்டு, அதில் பழங்களை அடுக்கி வைப்பார்களாம். முனியப்பனைப் பரிமாறுகிறவனாக்கச் சொல்கிறார்களே, கோபித்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"தட்டுதானே பாப்பா? தாராளமா வெக்கலாம். படையல நாம கீழ வெக்கறதுக்கு அவரே ஏந்திக்கிட்டா சுளுவுதானே" என்றார். ஊர் சுற்றி வந்த பிறகும் அவருக்கு நான் பாப்பாதான்.

செங்கல்லும் சுதையும் கப்பலுக்குக் கனம் என்றார்கள். மூங்கில் பிளாச்சுகளால் கூடு கட்டி, அதன் மேல் சாக்கு சுற்றி, பழைய பத்திரிகைகளை ஊறவைத்து இடித்துப் புளியங்கொட்டைப் பசையில் குழைத்து அப்பினார். ஐரோப்பாவில் சண்டை வரும் என்று எழுதிய தாள்கள் முனியப்பனின் வலது தொடையிலும், வராது என்று எழுதியவை இடது தொடையிலும் இருக்கின்றன.

சந்தைக்குப் போகும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "நம்ம கைவேல கடல் தாண்டுதுங்க" என்று சொல்லாத நாள் இல்லை. கடலை அவர் பார்த்ததில்லை, கப்பலையும் பார்த்ததில்லை. ஆனால் ஒகேனக்கல் பரிசலில் நாலைந்து முறை போயிருக்கிறார். கப்பல் என்பது பெரிய பரிசல் என்று அவருக்குத் தீர்மானமாகத் தெரியும். அங்கேதான் வந்தது வினை.

"பரிசலு சுத்துமே பாப்பா. சாமி கெழக்க பாத்து இல்ல உக்காரோணும்?"

கப்பல் அப்படிச் சுற்றாது, நேராகத்தான் போகும் என்றேன்.

"செரி. போறப்ப ஒரு பக்கம் மூஞ்சி. வர்றப்ப?"

பதிலையும் அவரே கண்டுபிடித்தார். ஒரு வண்டிச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு, அச்சுக்கு மசை தடவி, அதன் மேல் முனியப்பனை உட்கார வைத்தார். இரண்டு பேர் தோளைக் கொடுத்துத் தள்ளினால் பதினான்கு அடிச் சாமி முனகிக்கொண்டே திரும்பும். காலையில் சூரியனைப் பார்த்துச் சிலையைத் திருப்பி வைக்கக் கப்பலில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அந்த உத்தியோகத்துக்கு மைத்துனர் முனிராஜை நியமித்தும் விட்டார். முனிராஜ் பரிசலில் காலை வைப்பதற்கு முன்பே வாந்தி எடுக்கிறவர். ஒரு மாதமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயிலில், கழுத்து வரை பித்தான் போட்ட கம்பளிக் கோட்டோடு, கம்பெனி ஏஜெண்டு சவுரியப்பன் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். மொரப்பூர் ரயிலடிக்குச் சிலையைக் கொண்டுபோக இரண்டு கட்டை வண்டிகளைப் பிணைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. சவுரியப்பன் சிலையைச் சுற்றி வந்தார், சக்கரத்தைப் பார்த்தார், விளக்கம் கேட்டார். கேட்டு முடித்ததும், "நாலு ஆணி அடியுங்கள்" என்றார். சுத்தியல் ஓசை கேட்டதும் முனிராஜின் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது.

நஞ்சப்பன் அதற்கும் தலையாட்டினார். அடுத்துத்தான் சிக்கல். ஏஜெண்டு அண்ணாந்து பார்த்து, "கண் எங்கே?" என்றார்.

"அது எடத்துல கொண்டுபோயி வெச்சப்புறம் தொறக்கறதுங்க. நானே பட்டணத்துக்கு வர்றன். ஒரு ஆடு மட்டும் நிக்க எடம் குடுத்தாப் போதும்."

"கப்பலில் ஆடா? சமையலறையில் இறைச்சி வேண்டிய மட்டும் இருக்குமய்யா."

"உசுரோட இருக்கோணுங்க."

சவுரியப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். குருட்டுச் சிலையை ஏற்ற மாட்டேன், கண்ணை இப்போதே எழுத வேண்டும், இல்லையென்றால் வெறும் வண்டியாகத் திரும்பட்டும் என்றார்.

கூட்டத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. இந்த ஊர் எல்லைக்குள் கண் திறந்த சாமி இந்த ஊரை விட்டு நகராது; அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊர்க்கவுண்டர் ஏற்கெனவே ஏரிக்கரைப் பக்கம் ஓர் இடத்தை அடியால் அளந்து பார்த்து வந்திருந்தார். "தொறந்துடு நஞ்சப்பா. நம்மூர்லயே இருந்துட்டுப் போவுது" என்றார் பரிவாக. "தட்டு கெடக்கட்டும், நாங்க அருவா சொருவிக்கறம்."

சின்னம்மாள் விறகுக் கட்டையோடு வெளியே வந்தாள். "ஏழு மாசமா வூட்டுல காலு நீட்ட எடமில்ல. இது கப்பலுக்குப் போவுதுன்னு எங்க அம்மா வூடு வரைக்கும் சொல்லி வெச்சிருக்கறன். ஏரிக்கரைக்குப் போச்சுன்னா நானும் அங்கயே போயி உக்காந்துக்கறன், பாத்துக்க."

நஞ்சப்பன் ஏணியைப் பிடித்தபடி நின்றார். கண்ணை எழுதினால் சாமி. சாமியானால் கடல் தாண்டாது. எழுதாவிட்டால் பொம்மை, பொம்மையும் கடல் தாண்டாது. அவர் வாய் வெற்றிலையை மெல்ல மறந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு வலது கையை முதுகுப் பக்கம் மடக்கி, வேட்டி இடுப்பில் செருகி, துண்டால் இறுக்கிக் கட்டச் சொன்னார். கரியும் எண்ணெயும் குழைத்த கொட்டாங்கச்சியை முனிராஜ் ஏந்தி நிற்க, இடது கையில் தூரிகையை எடுத்துக்கொண்டு தடுமாறி ஏணியில் ஏறினார்.

"எல்லாரும் பாத்துக்கோங்க. இது கண்ணு தொறக்கறதில்ல. சாயம் அடிக்கறது."

ஊர்க்கவுண்டர் ஏணியடிக்கு வந்து, முதுகில் கட்டியிருந்த வலது கையை அண்ணாந்து பார்த்தார். "பீச்சாங்கையில வெச்ச கண்ணுக்கு எப்பிடிப்பா ஆடு வெட்டறது?" என்று சலிப்போடு ஒப்புக்கொண்டு, நிழலுக்குப் போய்விட்டார்.

கோடு நடுங்கியது. பதினொரு சாமிகளின் கண்ணை உருட்டி விட்ட கைக்குப் பக்கத்துக் கை, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் போன போக்கில் போனது. ஒரு கண் சற்றே பெரிதாயிற்று. ஒன்று லேசாகத் தாழ்ந்தது. தெரியாத ஊரில் இறங்கி, யாரிடம் வழி கேட்பது என்று பார்க்கிறவரின் முகம் வந்துவிட்டது. இப்படி ஒரு முகத்தை அந்தச் சாலையில் எந்த முனியப்பனிடமும் நான் கண்டதில்லை. ஓர் இடுப்புக் குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது.

"அடடா! டைரக்டர் கேட்டது இதையேதான்!" என்று சவுரியப்பன் கோட்டின் முதல் பித்தானைக் கழற்றினார்.

நஞ்சப்பன் இறங்கி வந்தார். துண்டை அவிழ்த்தார்கள். நாலடி பின்னால் போய் அண்ணாந்து பார்த்தார், அப்படியே நின்றார். கைகள் இரண்டும் தாமாகவே எழுந்து, மார்புக்கு நேரே ஒன்றையொன்று நெருங்கின. அவர் கும்பிட்டால் அது சாமிதான் என்று சொல்ல ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கையில் அவர் உள்ளங்கைகளைப் பட்டென்று அடித்தார். இன்னொரு முறை அடித்தார். ஒட்டியிருந்த கரியைத் தட்டுகிறவர்போல மறுபடியும் மறுபடியும் அடித்தார். சவுரியப்பன் அதைக் கவனித்து, முகமெல்லாம் மலர, தாமும் சேர்ந்து கை தட்ட ஆரம்பித்தார்.