பத்தொன்பது வருட அரியர்

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவருக்கு நாற்பது வயது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் வாங்கியிருக்க வேண்டிய மனிதர். கடைசித் தேர்வு நேரத்தில் அப்பா படுத்த படுக்கையாகிவிட, அமெரிக்க இலக்கியத் தாளில் மட்டும் கோட்டைவிட்டார். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவர்தான். அந்த அப்புறத்துக்குப் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. மற்ற டிரைவர்கள் அவருக்கு ‘முக்கால் பட்டம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அவரும் அந்தப் பேருக்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

பழைய அரியர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்ற அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பத்தை நிரப்பி வைத்தவள் அவர் மனைவி.

“என்னைக் கேக்காம எதுக்கு எழுதின?”

“கேட்டா வேணாம்பீங்க. கையெழுத்த மட்டும் போடுங்க.”

போட்டார்.

காலை நடை ஒன்பது மணிக்கு முடிந்தால் மறுபடி வண்டி எடுக்க மூன்றாகும். பள்ளிக்குப் பின்னால் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைசி இருக்கையில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தார். முதல் வாரம் ஒன்றும் ஏறவில்லை. உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் படிக்கும்போது புரிந்தது, புத்தகத்தை மூடியதும் பறந்துபோனது.

வண்டியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவுக்கு இந்த முணுமுணுப்பு பொறுக்கவில்லை. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

“வாய்க்குள்ளயே மென்னா எப்படித் தம்பி? என்கிட்ட சொல்லுங்க.”

“உங்களுக்குப் புரியாதுக்கா.”

“உங்களுக்கு மட்டும் புரிஞ்சுதா?”

அவர் சொல்லிப் பார்த்தார். “‘நம்ம வண்டி ஆமை மாதிரி போகுது’ன்னா உவமை. ‘இந்த ஆமையை எப்ப மாத்துவாங்க’ன்னா உருவகம்.”

“ரெண்டுமே உண்மைதான்,” என்றாள் ஆயா. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குப் படித்தது மறக்கவில்லை.

அதன் பிறகு பாடத்தில் இருந்த நாவல்களை ஒவ்வொன்றாக அவளுக்குக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு நாவலில், பரந்த புல்வெளியில் பண்ணை வைத்திருக்கும் தம்பிக்காரன் கதை சொல்கிறான். அண்ணன் ஓர் இரவில் குதிரையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டானாம். அண்ணனை நினைத்து அழுதுகொண்டே சொல்கிறான். ஆயா துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

“குதிரைய வித்தது இவன்தான் தம்பி.”

“அப்படி எங்கயும் எழுதலையேக்கா!”

“அண்ணன் போன ராத்திரிய மூணு வாட்டி சொன்னான்னீங்க. ஒரு வாட்டி தூறல், ஒரு வாட்டி பேய் மழை, ஒரு வாட்டி நிலா வெளிச்சம். தினம் நாப்பது பிள்ளைங்க என்கிட்ட வந்து ‘நான் தள்ளல’ன்னு சொல்லுதுங்க. எனக்குத் தெரியாதா?”

அவர் அந்த மூன்று பக்கங்களையும் தேடிப் படித்தார். அவள் சொன்னபடியேதான் இருந்தது. தேர்வுக்கென்று கடையில் வாங்கிய விடைக் குறிப்பேட்டிலோ, ‘உடன்பிறந்தானை இழந்த நேர்மையான உழவனின் துயரம்’ என்று இருந்தது.

தேர்வன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். அவர் உள்ளே நுழைந்ததும் மேற்பார்வையாளர் என்று நினைத்து நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். காது சூடாகிவிட்டது. சின்னக் கேள்விகளை ஒருவழியாகத் தாண்டினார். பெரிய கேள்வி அந்த நாவலைப் பற்றியதுதான்: கதைசொல்லி நம்பத்தக்கவனா?

குறிப்பேட்டில் இருந்ததை எழுதினால் தப்பித்துவிடலாம். மனப்பாடமாகவும் இருந்தது. இரண்டு வரி எழுதியும்விட்டார். பேனா நகரவில்லை. பொய் என்று தெரிந்துகொண்டே எழுதுவதற்கா இந்த வயதில் இங்கே வந்து உட்கார்ந்தோம் என்று தோன்றியது. இரண்டு வரியையும் அடித்துவிட்டு, தூறல், பேய் மழை, நிலா என்று தொடங்கி ஆறு பக்கம் எழுதினார். இந்தத் தடவையும் போச்சு என்றுதான் வீட்டில் சொன்னார். மனைவி அவருக்குப் பிடித்த மாதிரி சூடாகக் காபி போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று, தேறிவிட்டார். மனைவி கைப்பேசியை வாங்கி, தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்துவிட்டு, சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுது அவர் பார்த்தது அதிகமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைத் தட்டிக்கொண்டே நின்றார்.

மறுநாள் வண்டியில், நூலகத்துக்குத் திருப்பித் தர வேண்டிய புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆயா அதில் ஒன்றை உருவினாள்.

“இதச் சொல்லவே இல்லையே?”

“இது பாடத்துல இல்லக்கா. தெரியாம எடுத்துட்டு வந்துட்டேன்.”

“பாடத்துல இல்லன்னா கதை இல்லாமப் போயிடுமா?”

மூன்று மணிக்கு இன்னும் நேரமிருந்தது. அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார்.